சால்மன் கூண்டு வலையில் படியும் உயிரிகள்: கழுவும் இடைவெளியை ஆய்வு செய்வது எப்படி?

வலைக்கண்ணி (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. நார்வேயின் மேற்குக் கரையில், ஒரு ஃபியோர்டுக்குள் (மலைகளுக்கிடையே நீளும் குறுகிய கடல் நுழைவு) இருக்கும் சால்மன் பண்ணையில் முதுநிலை ஆய்வு செய்யப் போகிறேன். 160 மீட்டர் சுற்றளவுள்ள 6 வட்டக் கூண்டுகள். முடிச்சில்லா நைலான் வலை, செம்புப் பூச்சு கிடையாது. கண்ணியின் ஒரு பக்கம் 25 மி.மீ., நூல் தடிமன் ஏறத்தாழ 2.5 மி.மீ. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சர்வீஸ் படகு வந்து, உயர் அழுத்த நீரைப் பீய்ச்சி வலையைக் கடலிலேயே கழுவிவிட்டுப் போகிறது.

ஆய்வுக் கேள்வி இதுதான்: 7 நாளுக்கு ஒருமுறை கழுவினால் என்ன, 14 நாளுக்கு ஒருமுறை கழுவினால் என்ன? படிவின் அளவிலும் மீனின் செவுளிலும் வேறுபாடு தெரியுமா?

இப்போதைய திட்டம்: 3 கூண்டுகளை 7 நாள் இடைவெளியிலும் 3 கூண்டுகளை 14 நாள் இடைவெளியிலும் கழுவச் சொல்வது. ஒவ்வொரு கூண்டிலும் 20×20 செ.மீ. வலைத்துண்டு பேனல்களை 1, 5, 10 மீட்டர் ஆழத்தில் தொங்கவிட்டு, மாதம் ஒருமுறை எடுத்து ஈர எடை பார்ப்பது. மே முதல் செப்டம்பர் வரை. செத்து மிதக்கும் மீன்களின் செவுளை எடுத்துத் திசு ஆய்வுக்கு அனுப்புவது.

எடை மட்டும் போதுமா? பேனலைக் கழுவும்போது படகில் உள்ள கருவியை எப்படிப் போலச் செய்வது? செம்புப் பூச்சு வலையையும் ஒப்பீட்டுக்குச் சேர்க்கலாமா? திட்டத்தில் குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

கொட்டலசு:

முதலில் மாதங்களை மாற்றுங்கள். நார்வேக் கரையில் கூண்டு வலைக்குப் பெரிய தலைவலி எக்டோப்ளூரா லாரிங்ஸ் என்ற இளஞ்சிவப்புத் தலையுள்ள ஹைட்ராய்டு, அதாவது செடி போல ஒட்டி வளரும், ஜெல்லிமீன் இனத்தைச் சேர்ந்த சிறு விலங்கு. அது கொழிப்பது கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும். நவம்பர் வரைகூட நீளும். மே, ஜூனில் பேனல் போட்டால் டயாட்டம் (ஒருசெல் பாசி) படலம், எக்டோகார்ப்பஸ் போன்ற இழைப்பாசி, பிறகு மஸல் (சிப்பி) குஞ்சுகள் என்று எதையெதையோ அளந்துகொண்டிருப்பீர்கள். கழுவும் இடைவெளியை உண்மையில் தீர்மானிக்கும் உயிரி தலைகாட்டும் நேரத்தில் உங்கள் ஆய்வு முடிந்திருக்கும். ஜூன் கடைசியில் தொடங்கி நவம்பர் நடுவில் முடியுங்கள்.

மாதம் ஒருமுறை எடுப்பதும் சரிவராது. 7 நாளையும் 14 நாளையும் ஒப்பிட நினைப்பவர் 30 நாளுக்கு ஒரு புள்ளி வைத்தால், இடையில் நடந்த எல்லாம் கண்ணுக்குத் தப்பிவிடும். வாரம் ஒருமுறை படம் எடுங்கள். எடையும் இனப் பிரிப்பும் வேண்டுமானால் மாதம் ஒருமுறை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, என்ன அளப்பது. எடை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்: வலை எவ்வளவு சுமக்கிறது, மிதவை வளையமும் நங்கூரக் கயிறும் எவ்வளவு தாங்க வேண்டும். மீனுக்கு ஆக்சிஜன் போகிறதா என்ற கேள்விக்கு எடையால் பதில் சொல்ல முடியாது. மஸல் எடையை ஏற்றும், ஆனால் நூலை ஒட்டியே கொத்தாகக் கிடக்கும். ஹைட்ராய்டு எடையே இல்லாதது போல இருக்கும், கண்ணியின் நடுவரை நீண்டு வழியை அடைத்துவிடும். உங்களுக்கு வேண்டியது கண்ணி அடைப்பு விகிதம்: சுத்தமான வலையின் திறப்பில் எத்தனை சதவீதம் அடைபட்டிருக்கிறது என்பது.

உங்கள் வலைக்கே கணக்குப் போடலாம். கண்ணிப் பக்கம் 25 மி.மீ., நூல் 2.5 மி.மீ. என்றால் திறந்த சதுரத்தின் பக்கம் 22.5 மி.மீ. 22.5-இன் வர்க்கத்தை 25-இன் வர்க்கத்தால் வகுத்தால் 0.81. அதாவது சுத்தமான வலையில் 81 சதவீதம் திறப்பு, 19 சதவீதம் நூல். படிவு வந்து அடைப்பு 50 சதவீதம் ஆனால் திறப்பு 40.5 சதவீதமாகச் சுருங்கும். நீரோட்டத்தைத் தடுக்கும் பரப்பு 19-இலிருந்து 59.5-க்கு ஏறும், மூன்று மடங்குக்கும் மேல். கண்ணி சிறிதானால் சுத்தமான நிலையிலேயே திறப்பு குறைவு, அதே நீள ஹைட்ராய்டு அதை இன்னும் விரைவாக மூடும். ஆகவே பேனலில் கட்டும் வலை, பண்ணையில் உள்ள அதே கண்ணி, அதே நூல், அதே நிறமாக இருக்க வேண்டும். கடையில் கிடைத்த வேறு வலையில் எடுத்த எண்ணைக் கூண்டுக்குப் பொருத்த வழியே இல்லை.

பேனல் 20×20 போதாது. ஓரத்தில் 2 செ.மீ. விட்டுவிட்டுத்தான் அளக்க வேண்டும், ஏனென்றால் சட்டத்தை ஒட்டிய இடத்தில் எப்போதும் அதிகம் படியும். மீதி 16×16, உங்கள் கண்ணிக்கு அது 6×6, மொத்தம் 36 கண்ணிகள். 30×30 வைத்தால் ஏறத்தாழ 100 கண்ணிகள் கிடைக்கும். சட்டத்துக்கு 20 மி.மீ. பி.வி.சி. குழாய் போதும். நீர் உள்ளே புகத் துளை போடுங்கள், இல்லாவிட்டால் மிதக்கும். நைலான் நீரை உறிஞ்சும்போது நீளம் மாறும். வலைத்துண்டை ஒரு நாள் கடல்நீரில் ஊறவைத்த பிறகு சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். உலர்ந்த நிலையில் கட்டினால் தண்ணீருக்குள் இழுவை மாறிவிடும், கண்ணியின் வடிவமும் மாறும்.

படம் எடுக்கும் முறையில்தான் பலருடைய தரவு வீணாகிறது. பேனலைக் காற்றில் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்காதீர்கள். ஹைட்ராய்டு சரிந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒன்றோடொன்று பின்னிக் கண்ணியை மூடும். இரண்டுமே தவறான எண். கண்ணாடி அடித்தளம் உள்ள ஆழமற்ற தட்டில் கடல்நீர் ஊற்றி, அடியில் வெள்ளை விளக்குப் பலகை வைத்து, பேனலை நீருக்குள் படுக்கவைத்து மேலிருந்து எடுங்கள். கேமரா உயரம், ஒளி அளவு இரண்டையும் பூட்டிவிடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுகோலும் பேனல் எண்ணும் தெரிய வேண்டும். இமேஜ்ஜே மென்பொருளில் 8 பிட் சாம்பல் நிறமாக்கி, ஒரே வரம்பு மதிப்பைச் சுத்தமான பேனலுக்கும் படிந்த பேனலுக்கும் பயன்படுத்துங்கள். சயோனா (பை போன்ற கடல் விலங்கு) போன்ற கண்ணாடி உடலிகள் ஒளியை விட்டுவிடும், மென்பொருள் அவற்றைத் திறப்பாக எண்ணும். அவை இருக்கும் கண்ணிகளைக் கையால் வரைந்துதான் அளக்க வேண்டும்.

கேப்ரெல்லாவை (படிவில் தொற்றி வாழும் குச்சி போன்ற சிறு இறால் வகை உயிரி) கணக்கெடுப்பதாக இருந்தால், பேனலை நீரிலிருந்து தூக்கும் முன்பே நீருக்குள் அரை மி.மீ. கண்ணியுள்ள பையை மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி உதிர்ந்து போய்விடும். ஹைட்ராய்டு மாதிரியை நேராக ஃபார்மலினில் போட்டால் சுருங்கி அடையாளம் தெரியாது. லிட்டர் நன்னீருக்கு 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு கரைத்து, அதைச் சம அளவு கடல்நீரோடு கலந்து, அரை மணி நேரம் தளரவிட்டு, பிறகு 4 சதவீத ஃபார்மலினுக்கு மாற்றுங்கள். டி.என்.ஏ. வேலைக்கு 96 சதவீத எத்தனாலில் தனிக் குப்பி. ஃபார்மலின் பட்ட மாதிரியை அந்த வேலைக்கு நம்பாதீர்கள்.

ஃபியோர்டு என்பதால் ஒன்று: ஆற்று நீரும் பனி உருகிய நீரும் மேலே ஒரு உவர் குறைந்த அடுக்காக நிற்கும். 1 மீட்டர் பேனல் அந்த அடுக்குக்குள் மாட்டினால் மிகச் சுத்தமாக வரும், அதைக் கழுவலின் பலன் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஆழத்திலும் வெப்பநிலையும் உப்புத்தன்மையும் பதிவாக வேண்டும்.

நீர்த்தாரை:

கொட்டலசு சொன்னது அளவையைப் பற்றி. நான் வடிவமைப்பின் அடித்தளத்தைத் தொடுகிறேன். ஒரு கூண்டு ஒரு அலகு. 3 கூண்டுக்கு 3 கூண்டு என்று பிரித்தால், ஒவ்வொரு கூண்டிலும் நூறு பேனல் தொங்கவிட்டாலும் உங்களிடம் இருப்பது 3-க்கு 3 தான். ஓரத்துக் கூண்டுக்கும் நடுக் கூண்டுக்கும் நீரோட்டமே வேறு; அந்த வேறுபாடு 7-க்கும் 14-க்கும் உள்ள வேறுபாட்டை எளிதில் விழுங்கிவிடும். அதோடு, படகு உங்கள் அட்டவணைப்படி வராது. புயல், கடல் பேன் (சால்மன் தோலில் ஒட்டும் ஒட்டுண்ணி) நீக்கச் சிகிச்சை, அறுவடை எல்லாம் நடுவில் புகும்.

கழுவலைக் கூண்டுக்குச் செய்யாமல் பேனலுக்குச் செய்யுங்கள். ஒரே கயிற்றில், ஒரே ஆழத்தில், 7 நாள் பேனலும் 14 நாள் பேனலும் கழுவவே கழுவாத பேனலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், இடத்தைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். 6 இடத்தில் 6 கயிறு என்றால் 6 முழுத் தொகுதிகள் கிடைத்துவிட்டன. கூண்டு வேறுபாடு தொகுதி விளைவாகக் கழிந்துபோகும்.

இதோடு இன்னொரு பேனல் கட்டாயம் வேண்டும், பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். எக்டோப்ளூராவைக் கழுவும்போது தலை போகும். நூலைச் சுற்றிப் படர்ந்த வேரிழையும் தண்டின் அடிக்கட்டையும் நூலிழைகளுக்கு இடையே தங்கிவிடும். அதிலிருந்து சில நாளில் மறுபடி தலை முளைக்கும். இது ஒரு வழி. மற்றது, புதிதாக வந்து ஒட்டும் ஆக்டினுலா இளரிகள், அதாவது ஹைட்ராய்டின் குஞ்சு நிலை. இந்த இனத்துக்கு மிதக்கும் ஜெல்லி நிலை கிடையாது. பெண் கூட்டமே இளரியைச் சுமந்து வெளியே விடுகிறது, அதிக தூரம் போகாமலே ஒட்டிக்கொள்கிறது. கழுவிய 7-ஆம் நாள் பேனலில் தெரியும் ஹைட்ராய்டு மிச்சத்திலிருந்து முளைத்ததா, புதிதாகக் குடியேறியதா? படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கழுவும் அதே நாளில் புத்தம்புது பேனல் ஒன்றைப் பக்கத்தில் மாட்டுங்கள். அதில் வருவது குடியேற்றம் மட்டும். கழுவிய பேனலில் அதைவிடக் கூடுதலாக இருப்பதில் பெரும்பங்கு மறுவளர்ச்சி. ஸ்டீரியோ நுண்ணோக்கியில் 10 செ.மீ. நூலுக்கு எத்தனை தலை என்று எண்ணினால் இன்னும் உறுதி. புதிதாக வந்தது தனித் தண்டாக நிற்கும், மறுவளர்ச்சி ஒரே வேரிழையில் வரிசையாக நிற்கும். இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பிரிப்புதான். கூட்டம் இளரி விடும் பருவம் வருவதற்குள் கழுவினால் அடுத்த சுற்றின் விதை குறையும்; இளரி முற்றிய பிறகு கழுவினால் கழுவலே அவற்றைக் கூண்டைச் சுற்றித் தூவிவிடும். இடைவெளி எத்தனை நாள் என்பதை இந்த வயதுதான் நிர்ணயிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கழுவலுக்கும் முன் சில தலைகளைக் கிள்ளி, இனப்பை (இளரி வளரும் பை) இருக்கிறதா, அதற்குள் ஆக்டினுலா தெரிகிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

கழுவும் முறைக்கு வருகிறேன். பண்ணைகளில் ஓடும் கருவியில் சுழலும் தட்டுகள், அவற்றில் முனைகள். அழுத்தம் 100 பார் முதல் 300 பாரும் அதற்கு மேலும். கரையில் பேனலைக் காற்றில் நிறுத்திக் கார் கழுவும் இயந்திரத்தால் 150 பாரில் அடித்துவிட்டு, "பண்ணையைப் போலவே கழுவினோம்" என்று எழுதுவது தவறு. நீருக்குள் தாரையின் வேகம் சில செ.மீ. தூரத்திலேயே கடுமையாகச் சரியும். அதே 150 பார் காற்றில் பல மடங்கு மூர்க்கமானது, நூலின் இழைகளையே கிழித்துவிடும். ஆகவே:

பேனலைக் கடல்நீர்த் தொட்டிக்குள் முழுக்க மூழ்கவைத்து, சட்டத்தை அசையாமல் இறுக்குங்கள். முனைக்கும் வலைக்கும் உள்ள தூரம் பண்ணைக் கருவியில் எவ்வளவோ அவ்வளவு. அதைக் கையால் பிடிக்காமல் ஒரு தாங்கியில் பொருத்துங்கள். கடக்கும் வேகமும் எத்தனை முறை கடந்தோம் என்பதும் எல்லாப் பேனலுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தமானியைப் பம்பில் பார்க்காமல் முனைக்குப் பக்கத்தில் பாருங்கள். குழாய் நீளமானால் அழுத்த இழப்பு பெரிது; படகில் பம்பு காட்டும் எண்ணுக்கும் முனையில் உள்ளதற்கும் இடைவெளி இருக்கும். கழுவியவுடன் ஒரு படம், பிறகு 3, 7, 14-ஆம் நாள்களில் படம். தொட்டி நீரைக் கடலில் கொட்டாதீர்கள், அதில் உயிருள்ள இளரி இருக்கும்.

அந்த முனைக்கு முன்னால் கை போகவே கூடாது. இந்த அழுத்தத்தில் நீர் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே தசை அழுகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனை.

செவுளினி:

செத்த மீனின் செவுளைத் திசு ஆய்வுக்கு அனுப்பும் பகுதியை அப்படியே நீக்கிவிடுங்கள். செவுள் மிக வேகமாகச் சிதையும் உறுப்பு. மீன் செத்துச் சில நேரத்திலேயே மேல்தோல் உரிந்துவிடும். ஹைட்ராய்டு செய்த புண்ணும் சாவுக்குப் பிந்தைய சிதைவும் நுண்ணோக்கியில் கலந்து தெரியும். உயிருள்ள மீனை மயக்கி, முறைப்படி கொன்று, உடனே இரண்டாம் செவுள் வளைவை எடுத்து 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போட வேண்டும். திசுவைவிடக் குறைந்தது பத்து மடங்கு திரவம். செவுளைக் கையாலோ இடுக்கியாலோ நசுக்கினால் அதுவும் புண்ணாகத்தான் படிக்கப்படும்.

எதைத் தேடுகிறோம் என்பதையும் தெளிவாக வையுங்கள். ஹைட்ராய்டின் கொட்டும் செல்கள் கழுவிய துண்டுகளிலும் வீரியம் இழப்பதில்லை. கழுவும்போது அந்தத் துண்டுகள் மேகமாகக் கிளம்பிக் கூண்டுக்குள்ளேயே செல்லும், மீன் மூச்சோடு இழுத்துக்கொள்ளும். இரத்தக் கசிவு, மேல்தோல் உரிதல், ஆங்காங்கே திசு இறப்பு, இரத்தக்குழாய்க்குள் கட்டி ஆகியவை இதன் அடையாளங்கள். ஆனால் அதே இலையுதிர் காலத்தில்தான் அமீபாச் செவுள் நோயும் வருகிறது, பிற செவுள் நோய்க்கிருமிகளும் வருகின்றன. கூண்டுகளை 7, 14 என்று பிரித்து நவம்பரில் செவுளை ஒப்பிட்டால், எது யாருடைய வேலை என்று பிரிக்கவே முடியாது.

செவுள் கேள்வியை இடைவெளியிலிருந்து கழற்றி, ஒரு கழுவல் நிகழ்வோடு கட்டுங்கள். ஒவ்வொரு கூண்டிலும் கழுவலுக்கு முந்தைய நாள், மறுநாள், 7-ஆம் நாள் என்று மூன்று முறை மாதிரி. அப்போது ஒவ்வொரு கூண்டும் தனக்குத்தானே ஒப்பீடு, 6 கூண்டும் பயன்படும். ஒவ்வொரு முறையும் 10 மீன் திசு ஆய்வுக்கு. அதோடு க்யூ-பிசிஆருக்கும் (நோய்க்கிருமியின் மரபணு அளவைக் காட்டும் சோதனை) ஒரு சிறு துண்டு எடுத்து, நியோபேரமீபா பெருரான்ஸ் (அமீபாச் செவுள் நோய்க் கிருமி), டெஸ்மோசூன், பிராங்கியோமோனாஸ், சால்மன் செவுள் பாக்ஸ் வைரஸ் ஆகியவற்றைப் பாருங்கள். நோய்க்கிருமி அளவு முன்னும் பின்னும் மாறாமல், புண் மட்டும் கூடியிருந்தால்தான் கழுவலைக் குற்றம் சொல்ல முடியும்.

கண்ணால் பார்க்கும் செவுள் மதிப்பெண்ணுக்குத் தனியாக மீன் பிடிக்கத் தேவையில்லை. நீர் 4 டிகிரிக்கு மேல் இருக்கும்போது பண்ணையில் வாரந்தோறும் பேன் எண்ணுகிறார்கள். அப்போது மீன் மயக்கத்தில் கையில் இருக்கும். இரு பக்கமும் சேர்த்து 8 வளைவு, 16 பரப்பு. அமீபா நோய்க்கான 0 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணையும், இரத்தக் கசிவு உண்டா என்பதையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். ஒரே எண்ணாக்கிவிட்டால் பின்னால் பிரிக்க முடியாது. மதிப்பெண் போடுபவருக்கு அந்தக் கூண்டு எப்போது கழுவப்பட்டது என்று தெரியக் கூடாது.

மேகத்தையும் அளங்கள். கூண்டின் உள்ளே, நீரோட்டம் போகும் திசையில், 5 மீட்டர் ஆழத்தில் 5 லிட்டர் நீர்: தொடங்கும் முன், கழுவும் நடுவில், முடிந்து 15, 30, 60 நிமிடத்தில். 100 மைக்ரான் சல்லடையில் வடித்து ஹைட்ராய்டுத் துண்டுகளை எண்ணுங்கள். நீரோட்டம் அறவே நின்ற நேரத்தில் கழுவினால் மேகம் கூண்டுக்குள்ளேயே நிற்கும். இந்த ஒரு காரணியே முடிவைத் தலைகீழாக்கும், ஆகவே நீரோட்ட அளவி இல்லாமல் இந்தப் பகுதியைத் தொடங்காதீர்கள்.

மீனைக் கொல்லும் மாதிரிக்கு விலங்குச் சோதனை அனுமதி தேவையா என்று நார்வே உணவுப் பாதுகாப்பு ஆணையமான மாட்டில்சினெட்டிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். விண்ணப்பம் நகர வாரக்கணக்கில் ஆகலாம்.

இன்னொரு செய்தி: கூண்டில் லம்ப்ஃபிஷ் அல்லது ராஸ் (சால்மன் மேலுள்ள பேனைத் தின்ன விடும் துப்புரவு மீன்கள்) விட்டிருக்கிறார்களா? வலை அழுக்காக இருந்தால் அவை பேனை விட்டுவிட்டு வலையில் உள்ளதைத் தின்னும். பண்ணைக்காரர் அடிக்கடி கழுவச் சொல்வதற்கு அதுவே பெரிய காரணம். நார்வேயில் பேன் வரம்பு மீனுக்கு 0.5 முதிர்ந்த பெண் பேன், வசந்தத்தில் சில வாரங்களுக்கு 0.2. பேன் எண்ணிக்கையையும் கழுவிய தேதியையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

வலைக்கண்ணி:

மிக்க நன்றி மூவருக்கும். செவுளினி அக்கா சொன்ன முன்-பின் அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். 6 கூண்டில் 3-இல் ராஸ் இருக்கிறது. பேனல் கணக்கு மட்டும் இடிக்கிறது: 7 நாள் கழுவியது, அதற்குப் புதுப் பேனல், 14 நாள் கழுவியது, அதற்குப் புதுப் பேனல், கழுவாதது என்று 5 வகை, 3 ஆழம், 6 கயிறு. 90 பேனல் வருகிறது. வாரம் 90 பேனலைத் தூக்கிப் படம் எடுக்க ஆள் இல்லை. கயிற்றைக் கூண்டுக்குள் கட்டுவதா, வெளியிலா? செம்பு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கொட்டலசு:

1 மீட்டரை விட்டுவிடுங்கள். அங்கே பாசியும் உவர் குறைந்த நீரும்தான் கதை. உங்கள் கேள்வி ஹைட்ராய்டு. 5, 10 மீட்டர் மட்டும் என்றால் 60. 14 நாள் வகைகளை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எடுத்தால் வேலை இன்னும் குறையும்.

கூண்டுக்குள் கட்டாதீர்கள். ராஸ் உள்ள கூண்டில் அது பேனலை மேயும், மற்ற மூன்றில் மேயாது. என் விருப்பம் தீவனப் படகு: அங்கிருந்து 6 கயிறு, ஒவ்வொன்றின் அடியிலும் 3 கிலோ எடை, கயிறுகளுக்கிடையே குறைந்தது 2 மீட்டர்.

நீர்த்தாரை:

தீவனப் படகில் எனக்கு உடன்பாடில்லை. படகின் உடலே பெரிய படிவுப் பரப்பு, நிழல் வேறு. 6 கயிறும் ஒரே இடத்தில் இருந்தால் அவை 6 தொகுதிகளே அல்ல, ஒரே இடத்தின் 6 துண்டுகள். கூண்டின் வெளிப்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு என்பதுதான் சரி. இதில் ஆபத்தும் உண்டு, மறைக்கவில்லை: நீரோட்டம் வலையைத் தள்ளும்போது சட்டம் வலையில் உரசும். உரசினால் ஓட்டை, ஓட்டையானால் மீன் தப்பும். தப்பிய ஒவ்வொரு நிகழ்வையும் மீன்வளத் துறைக்குப் பண்ணை அறிவித்தாக வேண்டும். ஆகவே மிதவை வளையத்திலிருந்து 1.5 மீட்டர் வெளியே நீளும் கம்பம், அதன் நுனியில் கயிறு, சட்டத்தின் எல்லா மூலையிலும் ரப்பர்க் குழாய் உறை. கேபிள் டையின் வெட்டிய நுனி கத்தி போல நிற்கும், உள்பக்கம் மடக்குங்கள். பண்ணை மேலாளர் கம்பத்துக்கு ஒப்பவில்லை என்றால் அப்போது கொட்டலசு சொன்ன வழி. ஆனால் முடிவை "ஒரு இடம்" என்றே எழுத வேண்டும்.

மேலே பேன் தடுப்புத் திரை கட்டியிருந்தால், அது எந்த ஆழம் வரை என்று குறித்துக்கொள்ளுங்கள். திரைக்குப் பின்னால் உள்ள வலையில் ஓட்டமே வேறு.

படிவுநீக்கி:

செம்பைச் சேர்க்காதீர்கள் என்பதே என் கருத்து, இந்த ஆய்வுக்கு. காரணம் இது. செம்புப் பூச்சு என்பது மெழுகுக் குழம்பில் கலந்த குப்ரஸ் ஆக்சைடு. மெல்ல மெல்லக் கசிந்து படிவைத் தடுக்கும். பூச்சு வலையை உயர் அழுத்தத்தில் கழுவினால் பூச்சே செதிலாக உதிர்கிறது. அப்படி உதிர்ந்தால் தடுக்கும் திறன் குறைந்து இன்னும் அடிக்கடி கழுவ வேண்டிவரும், இன்னும் உதிரும். ஏ.எஸ்.சி. (பொறுப்பான மீன் வளர்ப்புக்குச் சான்று தரும் அமைப்பு) சான்றிதழ் தரநிலை செம்பு பூசிய வலையை உயர் அழுத்தக் கருவியால் கடலில் கழுவ இடம் தருவதில்லை, கரைக்குக் கொண்டுபோக வேண்டும். கடலடி மண்ணில் கூண்டின் தாக்க வளையத்துக்கு வெளியே செம்பு கிலோவுக்கு 34 மி.கிராமுக்குள் இருக்கிறதா என்றும் பார்க்கிறது. ஆகவே "செம்பு, 7 நாள் கழுவல்" என்ற வகை பொறுப்பான பண்ணையில் இருக்கக் கூடாத ஒன்று. அதை ஆய்வில் செய்து யாருக்குப் பயன்?

ஆனால் செம்பு பூசிய, கழுவாத பேனலைக் கூண்டுக்கு ஒன்றாகச் சேர்த்தால் ஒரு நல்ல கேள்விக்கு விடை கிடைக்கும்: பூச்சின் திறன் எந்த வாரத்தில் கைவிடுகிறது? 6 பேனல்தான் கூடும். அதை மற்ற பேனல்களிலிருந்து எட்ட வையுங்கள். கசியும் செம்பு பக்கத்துப் பேனலின் இளரியைக் கெடுக்கும், உங்கள் கட்டுப்பாட்டுப் பேனல் பொய்யாகச் சுத்தமாகத் தெரியும். நீரோட்டம் இரு திசையிலும் மாறுவதால் "கீழ்த் திசையில் வைத்தேன்" என்பது பாதுகாப்பல்ல. தனிக் கயிறு, கூண்டின் எதிர்ப்பக்கம்.

பூச்சு வலையில் எடைக் கணக்கு இன்னும் மோசம். பூச்சு கரைந்து எடை குறையும், படிவு வந்து எடை கூடும். இரண்டும் கழிந்து ஒன்றும் நடக்காதது போல வரும். படம் மட்டுமே நம்பத்தக்கது. அதிலும் தொடக்கத்தில் பூச்சு நூலைத் தடிமனாக்கியிருக்கும், பூசிய வலையைத் தனியாக நீரில் படமெடுத்து அதன் சொந்தத் திறப்பையே அடிப்படையாக வையுங்கள். 25, 2.5 என்ற பட்டியல் எண்ணைப் போடாதீர்கள்.

டிரலோபிரில், சிங்க் பைரிதியோன் உள்ள பூச்சுகளையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அவையும் உயிர்க்கொல்லிதான், ஐரோப்பிய உயிர்க்கொல்லிச் சட்டம் 528/2012-இன் கீழ் அனுமதி உள்ளதா என்று பார்த்த பிறகே கையில் எடுக்க வேண்டும்.

நீர்த்தாரை:

செம்பைத் தனிக் கயிற்றில் வைப்பதை வழிமொழிகிறேன்.

வலைக்கண்ணி, தொடங்கும் முன் படகின் கழுவல் பதிவேட்டைப் பண்ணையிடம் கேட்டு வாங்குங்கள். கூண்டு எண், தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பம்பு அழுத்தம், எத்தனை ஆழம் வரை, எத்தனை முறை கடந்தது, அடித்தளம் கழுவப்பட்டதா என்பது வரை அதில் இருக்க வேண்டும். பல பண்ணைகளில் தேதி மட்டும்தான் இருக்கும். அப்படியானால் ஜூன் மாதமே ஒரு படிவம் அச்சிட்டுப் படகுக்காரரிடம் கொடுங்கள், நார்வேஜிய மொழியில், ஒரே பக்கம், டிக் போடும் கட்டங்களாக. நீண்ட படிவத்தை மழையில் நின்று யாரும் நிரப்ப மாட்டார்கள். கருவியில் கேமரா இருந்தால் பதிவுகளை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். கழுவியபின் உண்மையான கூண்டு வலையில் எவ்வளவு மிச்சம் என்பதை உங்கள் பேனலோடு ஒத்துப்பார்க்க வேறு வழி கிடையாது.